இந்தோனேசியா கைடு: 2018 பதிப்பா, 2023 பதிப்பா?

வாசகர் கேள்வி: மே கடைசியில் குடும்பத்தோடு 16 நாள் இந்தோனேசியா போகிறோம். ஜாவா, பாலி நிச்சயம். முடிந்தால் கிழக்கே தள்ளியிருக்கும் அம்போனும் பண்டா தீவுகளும். பழைய புத்தகக் கடையில் 2018இல் வந்த தடிமனான கைடு ஒன்று 300 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பொடி எழுத்து, படம் குறைவு. இன்னொன்று 2023இல் வந்தது, பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம், விலை 1,800. நாங்கள் சைவம். எதை வாங்கலாம்?

பதில்: இரண்டு புத்தகத்திலும் முதலில் மழை பற்றிய பக்கத்தைத் திறந்து பாருங்கள். எந்த ஆண்டு வந்தது என்பதெல்லாம் அப்புறம்.

"ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வெயில் காலம், மற்ற மாதங்களில் மழை" என்று இந்தோனேசியா முழுமைக்கும் ஒரே வரியில் எழுதியிருந்தால், எழுதியவர் பாலியைத் தாண்டிக் கிழக்கே போகவில்லை என்று சந்தேகப்படலாம். அந்த வரி ஜாவாவுக்கும் பாலிக்கும் பொருந்தும். அம்போனில் கதை தலைகீழ். ஜாவா வறண்டு கிடக்கும் மே, ஜூன், ஜூலை மாதங்களில்தான் அங்கே மழை கொட்டும். கேரளத்தில் ஜூனில் மழை, சென்னையில் ஐப்பசி கார்த்திகையில் மழை என்று நமக்குத் தெரியும் இல்லையா? "தென்னிந்தியாவில் மழைக்காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை" என்று யாராவது எழுதினால் சென்னைக்காரர் சிரிப்பார். 17,000க்கும் மேற்பட்ட தீவுகளும் மூன்று நேர மண்டலங்களும் உள்ள நாட்டுக்கு ஒரே பருவம் எழுதுவதும் அப்படித்தான்.

உங்களுக்கு இது வெறும் நனைவதோடு முடிகிற விஷயமில்லை. பண்டாவுக்கு அம்போனிலிருந்து கடல் வழியாகத்தான் பெரும்பாலோர் போகிறார்கள். ஆண்டின் நடுவில் தென்கிழக்குக் காற்று வீசும்போது அந்தக் கடல் கொந்தளிக்கும், விரைவுப் படகுகளை நம்ப முடியாது. பெரிய பயணிக் கப்பல் தினமும் வருவதில்லை. போய்விட்டுத் திரும்ப முடியாமல் நாலைந்து நாள் மாட்டிக்கொண்டால் 16 நாள் கணக்கு என்னாகும்? "எப்படிப் போவது" என்ற தலைப்பு எந்தப் புத்தகத்திலும் இருக்கும். எப்போது திரும்ப முடியாது என்றும் சொல்கிற புத்தகத்தையே நான் நம்புவேன்.

சரி, ஆண்டு விஷயத்துக்கு வருவோம். அட்டையைப் பார்க்காதீர்கள், உள்ளே பதிப்புரிமைப் பக்கத்தைப் பாருங்கள். திருத்திய பதிப்பா, பழையதையே மறுபடி அச்சடித்ததா என்பது அங்கேதான் தெரியும். நம் ஊரிலும் "மூன்றாம் பதிப்பு" என்று போட்டு ஓர் எழுத்துகூட மாற்றாமல் விற்பதுண்டு. இன்னொன்று, 2023இல் வந்த புத்தகத்துக்கு அதே ஆண்டில் ஊர் சுற்றித் தகவல் சேகரித்திருக்க மாட்டார்கள். ஓராண்டு, இரண்டாண்டு முன்னால் சேகரித்ததாக இருக்கும். 2021இல் அந்த நாடு பயணிகளுக்குப் பெரும்பாலும் மூடிக் கிடந்தது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அதனால் புதிய புத்தகத்தைச் சோதிக்க, ஜாவாவின் யோக்யகர்த்தா ஊர் விமான நிலையத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். முன்பு ஊரை ஒட்டியிருந்த அதிசுசிப்தோவில் இறங்கி அரை மணி நேரத்துக்குள் அறைக்குப் போய்விடலாம். 2020இல் பெரும்பாலான விமானங்கள் குலோன் ப்ரோகோவில் கட்டிய புதிய நிலையத்துக்கு மாறின. அது ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல். ஊருக்குள் போக ரயில் இருக்கிறது. 2023 புத்தகம் இன்னமும் அதிசுசிப்தோவையே முதன்மை நிலையமாகக் காட்டினால், புதிதாக இருப்பது அதன் அட்டை மட்டும்தான்.

2018 புத்தகம் இதில் தவறும், அதை அதன் குற்றமாகச் சொல்ல முடியாது. அதில் இன்னும் சிலவற்றை நீங்களே பென்சிலால் திருத்த வேண்டியிருக்கும். ஜகார்த்தாவிலிருந்து பாண்டுங்குக்கு 2023 அக்டோபர் முதல் அதிவேக ரயில் ஓடுகிறது. சுமார் மூன்று மணி நேரப் பயணம் முக்கால் மணியாகிவிட்டது. பாலிக்குள் நுழையும் வெளிநாட்டவர் 2024 பிப்ரவரி 14 முதல் 1,50,000 ரூபியா தனியாகக் கட்ட வேண்டும். ஜாவாவின் பழைய பௌத்தக் கோயிலான பொரோபுதூரில் முன்புபோல் ஒரு டிக்கெட் எடுத்துக்கொண்டு உச்சிவரை ஏற முடியாது. மேலே ஏறத் தனி டிக்கெட், நேரத்துக்கு இத்தனை பேர் என்ற கட்டுப்பாடு, கூடவே வழிகாட்டி. கல் தேயாமலிருக்க அவர்கள் தரும் நார்ச் செருப்பைத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். முன்பதிவு செய்யாமல் போனால் கீழே நின்று பார்த்துவிட்டு வரவேண்டியதுதான்.

விசாவில் ஒரு வேடிக்கை. 2018 பதிப்பு இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்று சொல்லும். அப்போது அது உண்மைதான். அந்தச் சலுகை கொரோனா காலத்தில் நின்றது, 2023இல் முறையாகவே விலக்கப்பட்டது. இப்போது 5,00,000 ரூபியா கட்டி, இறங்கியதும் வாங்கும் 30 நாள் விசா. இணையத்தில் முன்பே வாங்கிக்கொள்ளவும் வழி உண்டு. அந்தச் சலுகை வருவதற்கு முன்னால் வந்த புத்தகத்திலும் இறங்கியதும் காசு கட்டச் சொல்லியிருக்கும். அதாவது இந்த ஒரு விஷயத்தில் 2013 புத்தகம் 2018ஐவிடச் சரி! விசாவுக்கு எந்தப் புத்தகத்தையும் நம்பாதீர்கள், டிக்கெட் போடும்முன் குடிவரவுத் துறையின் இணையதளத்தைப் பாருங்கள்.

பழசாகாதவையும் உண்டு. பொரோபுதூரின் புடைப்புச் சிற்பப் பலகைகள் 2,600க்கும் மேல். எந்தச் சுவரில் எந்தக் கதை, எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்று விளக்கும் நான்கு பக்கம், 40 ஆண்டுக்கு முன் எழுதியதானாலும் இன்றைக்கும் உதவும். ஜாவாவின் இந்துக் கோயில் தொகுதியான பிரம்பானனில் ராமாயணக் காட்சிகள் சிவன் கோயிலில் தொடங்கி பிரம்மா கோயிலில் முடிகின்றன. இதைச் சொல்லாத புத்தகத்தோடு போனால் பாதிக் கதையோடு வெளியே வந்துவிடுவீர்கள். சூரியோதயப் படத்தை முழுப்பக்கத்துக்குப் போடும் புத்தகங்களில் இந்த இடம்தான் சுருங்கிப்போகும்.

சைவம் என்றீர்கள். சாப்பாட்டு அத்தியாயத்தில் "தெராசி" என்ற சொல்லைத் தேடுங்கள். இறாலைப் புளிக்கவைத்து அரைத்த விழுது அது. சம்பால் என்ற மிளகாய்த் துவையலில் இருக்கும், வெறும் காய்கறிப் பொரியலிலும் இருக்கும். காய்கறியும் வேர்க்கடலைக் குழம்புமான கடோ-கடோவைச் "சைவ உணவு" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிற புத்தகம் உங்களுக்கு ஆகாது. குழம்பில் தெராசி இருக்கலாம், மேலே வைக்கும் அப்பளம் இறால் அப்பளமாக இருக்கலாம். "தன்பா தெராசி" என்றால் தெராசி இல்லாமல் என்று பொருள், இப்போதே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் டெம்பே இருக்கும்வரை பட்டினி கிடக்க மாட்டீர்கள்.

விலைகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். தெருக்கடைச் சாப்பாட்டைப்போல எத்தனை மடங்கு அறை வாடகை என்பது சீக்கிரம் மாறாது.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் 300 ரூபாய் புத்தகத்தைத்தான் வாங்கச் சொல்வேன், மழைப் பக்கத்தில் அது தேறினால். மே கடைசி என்பதால் அம்போனையும் பண்டாவையும் இந்த முறை விட்டுவிடுங்கள். அந்த நாட்களை ஜாவாவின் கிழக்கு முனைக்குக் கொடுக்கலாம். அங்கே புரோமோ எரிமலையில் விடியற்காலைக் குளிருக்கு ஸ்வெட்டர் வேண்டும். பிறகு கெத்தாபாங் துறைமுகத்திலிருந்து படகில் ஒரு மணி நேரத்துக்குள் பாலி. அங்கே இறங்கியதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்க வேண்டும்.

வாங்கும்முன் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். சுமையைக் குறைக்க பாலி அத்தியாயத்தை மட்டும் கிழித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. பக்கம் குறைந்தால் 150க்குக் கேளுங்கள்.