ஸ்ரீசக்கரத் தகட்டில் களிம்பு பிடிப்பது ஏன்?

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினத்தில் குடியிருக்கிறோம். பூஜையில் உள்ள ஆறு அங்குலச் செம்பு ஸ்ரீசக்கரத்தை வெள்ளிதோறும் எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்துப் பாலபிஷேகம் செய்கிறோம். இரண்டு மூன்று நாளில் கோடுகளுக்குள் பச்சை பூத்துவிடுகிறது. இது தோஷமா?

பதில்: தோஷம் எதுவும் இல்லை. உப்புதான் காரணம். உப்பிலுள்ள குளோரைடும் ஈரமும் செம்போடு சேர்ந்தால் பச்சைக் களிம்பு பிடிக்கும். கடற்கரையில் காற்றே உப்பைக் கொண்டுவருகிறது. நீங்கள் தேய்க்கும் உப்பும் கழுவிய பிறகு கோட்டுப் பள்ளங்களில் தங்கிவிடுகிறது. பாலின் பிசுக்கு அதன்மேல் படிந்து ஈரத்தைப் பிடித்து வைக்கிறது.

உப்பை அடியோடு விடுங்கள். நெல்லிக்காய் அளவு புளியை அரை டம்ளர் நீரில் கரைத்து, புது டூத் பிரஷ்ஷால் கோடுகளின் போக்கிலேயே இரண்டு நிமிடம் தேய்த்தால் போதும். உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் வேண்டாம், குடிநீரில் அலசுங்கள். பருத்தித் துணியால் ஒற்றி, பத்து நிமிடம் வெயிலில் வைத்து, நல்ல விபூதியால் மெருகேற்றுங்கள். மாதம் ஒருமுறை, பௌர்ணமிக்கு முதல்நாள் செய்தால் போதுமானது. வாராவாரம் புளி போட்டால் செம்பு கரைந்து கோடு மழுங்கும். இடையில் தகடு பழுப்பாகக் கறுத்தால் கவலை வேண்டாம். அந்தக் கறுப்பு செம்புக்குக் காப்பு. பச்சையை மட்டும் அன்றன்றே எடுத்துவிடுங்கள்.

அபிஷேகம் கட்டாயமில்லை. மாங்காடு காமாட்சி கோயிலில் மூலிகைகளால் ஆன அர்த்தமேருவுக்கு (மலைபோல் பாதி உயரம் எழும்பிய ஸ்ரீசக்கரம்) அபிஷேகமே கிடையாது, குங்கும அர்ச்சனைதான். நீங்களும் லலிதா சகஸ்ரநாமமோ முந்நூறு நாமங்கள் கொண்ட திரிசதியோ சொல்லிக் குங்குமம் இடலாம். ஸ்ரீசக்கரத்தின் ஒன்பது சுற்றுகளையும் வரிசையாகப் பூஜிக்கும் நவாவரண பூஜைக்குத்தான் தீட்சை வேண்டும். குங்குமத்தில் எலுமிச்சைப் புளிப்பு உண்டு என்பதால் இரவு முழுக்கத் தகட்டில் விடாமல், மாலையே மெல்லிய பிரஷ்ஷால் கூட்டி எடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும்: தகட்டின் வரைவு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். சந்தையில் தவறான தகடுகள் நிறைய. மேல்நோக்கி நான்கு, கீழ்நோக்கி ஐந்து என ஒன்பது பெரிய முக்கோணங்கள் பின்னி, வெளியிலிருந்து உள்ளே 14, 10, 10, 8, 1 என 43 சிறு முக்கோணங்கள் வர வேண்டும். சுற்றிலும் எட்டிதழ், பதினாறிதழ், வெளியே மூன்று கோட்டுச் சதுரமான பூபுரம். எண்ணிக்கை சரியாக இருந்தும் தகடு தவறாக இருக்கலாம். மூன்று கோடுகள் சேரும் மர்மஸ்தானங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஒரே புள்ளியில் சேராமல் அங்கே கடுகளவு முக்கோணம் கூடுதலாகத் தெரிந்தால் வரைவு பிசகியது. தடித்த கோடு இந்தப் பிசகை மறைத்துவிடும். புதிதாக வாங்கினால் அச்சடித்ததை விட்டு, மெல்லிய கோடாக உளியால் வெட்டியதைக் கேட்டு வாங்குங்கள். மேலே வார்னிஷ் பூச்சு வேண்டாம், புளி பட்டால் திட்டுத்திட்டாக உரியும்.