பெங்குவின்கள் கேட்ட படிப்பு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சிலி நாட்டில் மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடியே கல்லூரிப் படிப்பை இலவசமாக்கிவிட்டார்கள் என்று நண்பன் சொல்கிறான். உண்மையா?
- கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பதில்: பாதி உண்மைதான். ஆனால் அந்தப் பாதிக்கே பத்து வருடம் ஆனது.

சிலியின் சர்வாதிகாரி பினோசேயின் ராணுவ ஆட்சி 1980களின் தொடக்கத்தில் அரசுப் பள்ளிகளை நகராட்சிகளின் தலையில் கட்டியது, பல்கலைக்கழகங்களில் கட்டணம் கொண்டுவந்தது. அவர் பதவியை விட்டு இறங்க ஒரே நாள் இருக்கும்போது, 1990 மார்ச் 10 அன்று, அந்த ஏற்பாட்டைக் காக்கும் கல்விச் சட்டம் அரசிதழில் வந்தது. அப்புறம் ஜனநாயகம் திரும்பியும் அதை யாரும் தொடவில்லை.

தொட்டது பள்ளிக்கூடப் பிள்ளைகள். 2006இல் இலவச பஸ் பாஸ் வேண்டும், கல்லூரி நுழைவுத் தேர்வுக் கட்டணம் கூடாது என்றுதான் ஆரம்பித்தார்கள். சில வாரங்களில் அந்தச் சட்டத்தையே எடுங்கள் என்று கேட்டார்கள். கருநீலமும் வெள்ளையுமான சீருடை என்பதால் அவர்களுக்குப் பெங்குவின்கள் என்று பெயர். 2009இல் சட்டத்தை மாற்றினார்கள், ஆனால் கல்வியில் லாபம் பார்ப்பதற்குத் தடை வரவில்லை.

அதனால் 2011இல் கல்லூரி மாணவர்கள் இறங்கினார்கள். அங்கே பல்கலைக்கழகம் லாபம் பார்க்கக்கூடாது என்று சட்டமே இருந்தது. ஆனால் நடத்துபவர்களே இன்னொரு கம்பெனி தொடங்கி, கட்டடத்தைத் தங்கள் பல்கலைக்கழகத்துக்கே வாடகைக்கு விட்டு, மாணவர் கட்டிய பணத்தை அந்த வழியில் எடுத்துக்கொண்டார்கள். மாணவர்கள் இதைத் தெருவில் நின்று விளக்கினார்கள். போராட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், கோபத்தோடு கணக்கையும் கொண்டுவந்தார்கள். இலவசக் கல்விக்கு 180 கோடி டாலர் (1800 மில்லியன்) வேண்டும் என்பதைக் காட்ட, ஜனாதிபதி மாளிகையான லா மொனேதாவைச் சுற்றி 1800 மணி நேரம், அதாவது 75 நாள், இரவும் பகலும் ஒருவர் மாற்றி ஒருவர் ஓடினார்கள்!

2016இல் இலவசம் வந்தது. எல்லோருக்கும் இல்லை, வருமானத்தில் கீழே இருக்கும் 50 சதவீதக் குடும்பங்களுக்கு. 2018இல் 60 சதவீதம் ஆனது. படிப்புக் காலத்துக்குள் முடிக்காவிட்டால் சலுகை போய்விடும், வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பிள்ளைக்கு இது பெரிய அநியாயம்.

கேள்வி: என் மகன் கல்விக்கடனில் படிக்கிறான். போராட்டம் என்று போய்ப் படிப்பைக் கெடுத்துக்கொள்ளாதே என்கிறேன். தவறா?
- ஒரு தந்தை, தேனி

பதில்: உங்கள் பயம் நியாயமானது ஐயா. சிலியிலும் படிப்பு கெட்டது, மாதக்கணக்கில் பள்ளிகள் நடக்காமல் பலர் அதே வகுப்பில் மறுபடி உட்கார்ந்தார்கள். 2011 ஆகஸ்ட்டில் தலைநகர் சான்டியாகோவில் நடைமேம்பாலத்தில் நின்று போராட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த 16 வயதுப் பையன் போலீஸ் குண்டில் செத்தான். இதையெல்லாம் மறைத்துவிட்டு உங்களுக்குத் தைரியம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் கடன் என்று சொன்னீர்களே, அதற்கும் அங்கே பதில் கிடைத்தது. அரசு உத்தரவாதத்தில் வங்கிகள் கொடுத்த கல்விக்கடனுக்கு 6 சதவீதத்தை ஒட்டி இருந்த வட்டி, போராட்டத்துக்குப் பின் 2012இல் 2 சதவீதமாக இறங்கியது. அசல் இறங்கவில்லை. 2011இல் தெருவில் நின்றவர்களில் பலர், இலவசம் வந்த 2016இல் பட்டம் வாங்கி வெளியே போய்விட்டார்கள். தம்பி தங்கைகள் கட்டணமில்லாமல் சேர்ந்தபோது, இவர்கள் தங்கள் தவணையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.