புத்தகத்தை மூடிவிட்டுப் படி

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். அம்மா மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறார். இந்த வருஷம் எனக்குச் சாதாரண தரப் பரீட்சை. விடியற்காலை நாலு மணிக்கு எழும்பி வரலாற்றை நாலைந்து தடவை வாசிக்கிறேன், கோடும் போடுகிறேன். தவணைப் பரீட்சையில் எல்லாம் மறந்துவிட்டது. அந்திக்கு லயத்து வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமும் இல்லை. எனக்கு மூளை இல்லையா அக்கா?

பதில்: அன்புத் தங்கச்சி, முதலில் அந்தக் கடைசி வரியை அழித்துவிடு. பிழை படிக்கிற விதத்தில்தான். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தால் கண் பழகிப்போய், ‘இது தெரிஞ்சதுதானே’ என்று தோன்றும். பரீட்சையில் அந்தப் பக்கம் முன்னால் இருக்காதே!

அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஒரு சோதனையைக் கேள். ஒரு பகுதியை இரண்டு தடவை வாசித்த மாணவர்களுக்கு ஐந்து நிமிஷம் கழித்துக் கூடுதலாக ஞாபகம் இருந்தது. ஒரு வாரம் போனதும் அவர்களிடம் மிஞ்சியது 42 சதவீதம். ஒரு தடவை வாசித்து, அப்புறம் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கோ 56.

அதனால் ஒரு தடவை கவனமாக வாசி, மூடு, ஞாபகம் வருவதைச் சொல்லு. வராததை மட்டும் திறந்து பார். முட்டிக்கொண்டு நிற்கிற நேரம் கஷ்டமாகத்தான் இருக்கும், விட்டுவிடாதே. இதற்கு மேசையும் வேண்டாம், லைட்டும் வேண்டாம். ஸ்கூலுக்கு நடந்து போகிற வழியிலேயே செய்யலாம்.

வருஷங்களைத் தனியாகப் பாடமாக்காதே. ‘ஏன்?’ என்று கேட்டுக் கோத்துவிடு. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரத் துரை கண்டிப் பக்கம் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1869இல் கோப்பிச் செடியில் இலைநோய் கண்டது. மலைநாடு ஏன் தேயிலைக்கு மாறியது? கோப்பி அழிந்ததால். உன் அம்மா இன்றைக்குக் கூடை தூக்குவதும் அந்தக் கதையின் தொடர்ச்சிதான். இப்படிக் கோத்தால் ஒரு வருஷம் மற்றதை இழுத்துக்கொண்டு வரும்.

இன்று சொல்லிப் பார்த்ததை நாளைக்கும், மூன்று நாள் கழித்தும், அடுத்த வாரமும் சொல்லிப் பார். நாலு மணிக்கு எழும்புவதானால் ஒன்பதுக்கே படுத்துவிடு. படித்தது நிலைக்கத் தூக்கம் வேண்டும்.

அப்புறம், அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வந்து தேத்தண்ணி குடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அன்றைய பாடத்தைக் கதையாகச் சொல்லு. புரியாத இடத்தில் அம்மா கேள்வி கேட்கட்டும்.