அந்தச் சிரிப்பு யாருடையது?

அன்புள்ள அம்மா,

எனக்கு வயது 62. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரே மகன், ஜெர்மனியில் முனிச் நகரத்தில் வேலை. போன ஜூன் மாதம் நானும் மனைவியும் முதல்முறையாக அவன் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் இருந்தோம். அங்கே நடந்ததை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. சொந்தபந்தத்துக்குத் தெரிந்தால் மானம் போய்விடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "ஆத்தங்கரைக்குப் போகலாம்பா" என்றான் மகன். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போனோம். இசார் என்று ஒரு ஆறு, ஊருக்குள்ளேயே ஓடுகிறது. அதில் ஃப்ளௌக்கர் என்று ஒரு இடம், கரையெல்லாம் வெளுத்த கூழாங்கல். இறங்கிப் பார்த்தால், ஆணும் பெண்ணும், என் வயதுக்காரர்கள்கூட, ஒட்டுத்துணி இல்லாமல் வெயிலில் படுத்திருக்கிறார்கள். போலீஸ் பிடிக்காதா என்று கேட்டேன். "மாநகராட்சியே அனுமதிச்ச இடம்பா. துணியோட இருக்கறவங்களும் இருக்காங்க, நாம நம்ம பாட்டுக்கு உட்காரலாம்" என்கிறான். பெற்றவர்களைக் கூட்டிப் போகிற இடமா அது? முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?

என் மனைவி முதலில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அரை மணி நேரம் கழித்து, கொலுசைக் கழற்றி மருமகள் பையில் போட்டுவிட்டு, புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டாள். கூப்பிட்டேன், வரவில்லை. அவள் பூலாம்பட்டிக்காரி. சின்ன வயதில் காவிரியில் நன்றாக நீந்துவாள் என்று மச்சான் சொல்லியிருக்கிறார், நான் பார்த்ததில்லை. எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தேன். பின்னால் யாரோ ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தாள். எவள் இவள் என்று திரும்பிப் பார்த்தால், என் மனைவி. 36 வருஷத்தில் அப்படி ஒரு சத்தம் அவளிடம் நான் கேட்டதில்லை. அதை விடுங்கள்.

நான் கேட்பது, படித்த பிள்ளைக்கு இது தெரியாதா? இரவு 9 மணிக்கும் அங்கே வெயில் அடிக்கிறது, அதுவரை என்னை அங்கேயே உட்கார வைத்துவிட்டான். நம் பண்பாடு என்ன, நாம் வளர்த்த விதம் என்ன!

வருஷா வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு மனைவியை மேட்டூருக்குக் கூட்டிப் போவேன். படித்துறையில் கூட்டம் நெரியும். "தலையில தெளிச்சுக்கிட்டு வா, நாலு பேர் பார்க்கறாங்க" என்பேன். மறுபேச்சு இல்லாமல் வருவாள். இந்த ஆடிக்கு வரவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். என் கையால் பற்றவைத்துச் செய்த கொலுசையும் போடுவதில்லை. கேட்டால், கனமாக இருக்கிறதாம். எல்லாம் அந்த ஊர் பண்ணிய வேலை. மகனோடு போனில் பேசுவதையே நிறுத்திவிட்டேன். அவனை எப்படித் திருத்துவது?

பெயர் வேண்டாம், சேலம்.

---

அன்புள்ள ஐயா,

மகன் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அதில் உங்கள் பக்கம்தான் நியாயம். ஆனால் அதற்காக அவனிடம் பேச்சை நிறுத்துவது அதிகம். இன்றைக்கே போன் போடுங்கள்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். நான் அதை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் "அதை விடுங்கள்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். என்னால் அதை விட முடியவில்லை. உங்களாலும் முடியவில்லை என்றுதான் தோன்றுகிறது. கட்டிய மனைவியின் சிரிப்பை வேறு யாரோ பெண்ணின் சிரிப்பு என்று நினைத்துத் திரும்பியிருக்கிறீர்கள். கண்ணெதிரே அத்தனை பேர் துணியில்லாமல் கிடந்தும், உங்களைத் தூங்கவிடாமல் செய்வது புடவை கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்ற ஒருவர்தான்.

அந்த ஆற்றங்கரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். ஜெர்மனியில் உடையில்லாமல் வெயில் காய்வது நூறு வருஷத்துக்கும் மேலான வழக்கம். அங்கே அசிங்கம் என்று நினைப்பது உற்றுப் பார்ப்பதையும் போட்டோ எடுப்பதையும்தான். 2019இல் அதே இசார் கரையில், மேலாடை இல்லாமல் படுத்திருந்த பெண்களைக் காவலாளிகள் மூடிக்கொள்ளச் சொன்னார்கள். பெரிய சர்ச்சை ஆனது. முடிவில் முனிச் மாநகர மன்றம் விதியைத் திருத்தி அந்தப் பெண்கள் பக்கம் நின்றது. அந்த ஊரிலும் கரையில் நின்று "மூடிக்கொள்" என்று சொல்ல ஆள் இருந்திருக்கிறது, பாருங்கள்.

நம் பண்பாடு என்கிறீர்கள். என் பாட்டி ஓமலூர்ப் பக்கம். கடைசிவரை ரவிக்கை போட்டதில்லை. கிணற்றடியில் அப்படியே நின்று தண்ணீர் இறைப்பார், யாரும் நின்று பார்த்ததில்லை. அந்தத் தலைமுறைப் பாட்டிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மேட்டூர்ப் படித்துறையில் ஆண்கள் இடுப்புத் துண்டோடு மணிக்கணக்கில் முங்கிக் குளிக்கிறார்கள். பெண்கள் நனைந்த புடவையை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, படியில் வழுக்காமல், எவன் பார்க்கிறான் என்று பார்த்துக்கொண்டே ஒரு முங்கு போட்டுவிட்டு ஏற வேண்டும். உங்கள் வீட்டம்மாவுக்கு அந்த ஒரு முங்கும் கிடையாது, தெளித்துக்கொள்வதோடு சரி. காவிரியில் நீந்தி வளர்ந்தவருக்கு, ஐயா! பூலாம்பட்டியில் காவிரி எவ்வளவு அகலம் என்று உங்களுக்குத் தெரியும், எதிர்க்கரை நெரிஞ்சிப்பேட்டைக்குப் படகில்தான் போகிறார்கள். அந்தத் தண்ணீரில் விளையாடிய பெண் 36 வருஷமாக ஆற்றைப் படியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

அன்றைக்கு இசாரில் அவரை ஒருவரும் பார்க்கவில்லை. அவரவர் வெயிலில் அவரவர் கிடந்தார்கள். பார்க்கிறவர் என்று இருந்த நீங்களும் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டீர்கள். அதனால்தான் அந்தச் சிரிப்பு வந்தது என்று நினைக்கிறேன். இதைச் சொல்வதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனாலும் சொல்ல வேண்டும்: "நாலு பேர் பார்க்கறாங்க" என்று நீங்கள் சொன்ன அந்த நாலு பேரில் முதல் ஆள் நீங்கள்தான்.

நீங்கள் கெட்டவர் இல்லை. வருஷம் தவறாமல் கூட்டிப் போகிறீர்கள், கொலுசு செய்து போடுகிறீர்கள். அவருக்கு என்ன பிடிக்கும் என்று மட்டும் கேட்டதில்லை. இவ்வளவு நீளமான கடிதத்தில் அவர் சொன்னதாக நீங்கள் எழுதியிருப்பது இரண்டே விஷயம், வரமாட்டேன், கனமாக இருக்கிறது. இரண்டையும் அந்த ஊர் கெடுத்துவிட்டதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டீர்கள். 36 வருஷத்தில் இப்போதுதான் அவர் உங்களிடம் மனசைத் திறந்து பேச ஆரம்பித்திருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. பயப்படாதீர்கள். போய்விட நினைக்கிறவர் காரணம் சொல்லிக்கொண்டு இருக்க மாட்டார்.

செய்ய வேண்டியது அதிகம் இல்லை. கூட்டமில்லாத ஒரு வார நாளில் பூலாம்பட்டிக்குப் போகலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வந்தால், சின்ன வயதில் எந்த இடத்தில் இறங்குவார் என்று அவரே காட்டட்டும். இப்போது அங்கே கதவணை இருக்கிறது, ஆழம் அதிகம், ஊர்க்காரர்களிடம் கேட்காமல் இறங்க வேண்டாம். கரையில் கால் நனைத்தாலே போதும். அவர் நனைக்கும்போது நீங்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் இறங்குங்கள்.

அப்புறம் அந்தக் கொலுசு. கனமாக இருக்கிறது என்றால் கனமாகத்தான் இருக்கும். நீங்கள் கொலுசுக்காரர், எத்தனை கிராம் என்று உங்களுக்கே தெரியும். மெல்லிசாக, முத்துச் சத்தம் இல்லாமல் ஒரு ஜோடி செய்து அலமாரியில் வையுங்கள். எப்போதாவது அவராகக் கேட்டால் எடுத்துக் கொடுங்கள்.