வாசகர் கேள்வி: வீடு பார்க்கப் போகும்போது

கேள்வி: வாடகை கட்டி மாளவில்லை. கூடுவாஞ்சேரி தாண்டி ஒரு ஃப்ளாட் பார்த்திருக்கிறோம். “மெட்ரோ வரப்போகுது, இப்பவே வாங்கிடுங்க” என்கிறார் புரோக்கர். வாங்கலாமா? (வாசகி, மேற்கு மாம்பலம்)

வரப்போகும் மெட்ரோவை நம்பி வாங்காதீர்கள் அம்மா. இன்றைக்கு ஓடுகிற வண்டியைப் பார்த்து வாங்குங்கள்.

நான் தாம்பரத்துக்குத் தெற்கே 22 வருஷமாகக் குடியிருக்கிறேன். விற்றவர், “ஸ்டேஷனுக்குப் பத்தே நிமிஷம்” என்றார். உண்மைதான், பைக்கில்! இரவு ஒன்பதரைக்கு ரயிலை விட்டு இறங்கினால் வெளியே ஒரே ஒரு ஷேர் ஆட்டோ நிற்கும். எட்டுப் பேர் சேராமல் நகராது. எட்டாவது ஆள் டிரைவர் பக்கத்தில் பாதி உடம்பு வெளியே தொங்க உட்காருவார். பல நாள் அந்த எட்டாவது ஆள் நான்தான். மழை நாளில் ரயில் டிக்கெட்டைப் போல இரண்டு பங்கு ஆட்டோவுக்குப் போகும்.

உங்கள் பக்கத்துத் தி.நகரைப் பாருங்கள். 1920களில் ஏரியைத் தூர்த்து மனை போட்டார்கள். 1931இல் பீச்–தாம்பரம் மின்சார ரயிலும் வந்துவிட்டது. வீடும் வண்டியும் சேர்ந்து வளர்ந்த ஊர். அப்புறம் அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று. பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் குடியிருப்புகளைக் கட்டி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைக் குடும்பங்களைக் கொண்டுபோய் வைத்தார்கள். வேலை பழைய இடத்தில். பக்கத்தில் ரயிலும் கிடையாது. கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தை 2023 டிசம்பர் 30இல் திறந்தபோது, எதிரே தண்டவாளம் இருந்தது, ரயில் நிற்க ஸ்டேஷன் இல்லை.

ஃப்ளாட்டைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை புரோக்கர் காரில் போகாதீர்கள். வேலை நாளில் மாம்பலத்தில் ரயிலேறி, இரவு ஒன்பது மணிக்கு அங்கே இறங்கி, வாசல் வரை போய்ப் பாருங்கள். விலை பேசுவது அதற்கப்புறம்.

கேள்வி: மெட்ரோ இரண்டாம் கட்டம் முடிந்தால் நெரிசல் குறையுமா? (வாசகர், போரூர்)

118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடம். நெரிசலில் மாட்டாமல் போக ஒரு வழி கிடைக்கும், அவ்வளவுதான். என் கவலை வேறு. மெட்ரோ தடத்தை ஒட்டிக் கூடுதல் மாடி கட்ட அரசு சலுகை தருகிறது. சரி, நல்லதுதான். ஆனால் அங்கே எழும்புவதெல்லாம் ரெண்டு கார் நிறுத்தும் ஃப்ளாட்டாக இருந்தால், மெட்ரோவில் ஏற வேண்டியவர்கள் வாடகைக்குப் பயந்து இன்னும் தள்ளிப் போய்விடுவார்கள். உங்கள் தெருவில் புதிதாக வந்த கட்டடத்தில் வாடகை என்ன? விசாரித்து ஒரு கடிதம் போடுங்களேன்.