பார்த்த பிறகும் மோட்டார் கண்ணில் படாதது ஏன்?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டத்து மண்சாலையிலிருந்து பெரிய ரோட்டில் காரை ஏற்றும்போது, இருபுறமும் பார்த்தும் மோட்டார் சைக்கிள் திடீரென முளைக்கிறதே?

தலையைச் சட்டென்று திருப்பும்போது கண் தாவித் தாவித்தான் போகிறது. தாவும் நொடித்துளியில் மூளை காட்சியை அடக்கிவிடும். அந்த இடைவெளி நமக்கு உறைப்பதே இல்லை. லோரி எப்படியும் தெரிந்துவிடும், ஒற்றை மோட்டார் நழுவிவிடும். போதாததற்கு, நம் கார்களில் ஓட்டுநர் வலப்பக்கம். முதலில் வாகனம் வருவதும் வலமிருந்து. அங்கேதான் முன்கண்ணாடியின் ஓரத் தூண் நிற்கிறது. நீங்கள் மெல்ல உருள உருள, அது மோட்டாரை மறைத்துக்கொண்டே வரக்கூடும்.

ஆகவே முழுசாக நிறுத்துங்கள். வலம், இடம், மறுபடி வலம். ஒவ்வொரு பக்கமும் இரண்டு மூன்று இடத்தில் பார்வையை நிறுத்துங்கள். பிறகு முதுகைச் சீட்டிலிருந்து எடுத்து, முன்னே சாய்ந்து தூணுக்கு அப்பால் பாருங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

மோட்டாருக்குப் பகல் விளக்கு 1992 முதல் கட்டாயம். விளக்கு தெரிந்தாலும் அவசரம் வேண்டாம்: சிறிய உருவம் தொலைவில் வருவதாகவே தோன்றும். மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 25 மீட்டர். 100 மீட்டரைக் கடக்க 4 நொடிதான். ஈர மண்ணில் டயர் சுழன்றால் அதுவும் மிஞ்சாது.