ஹீல்ட்ஸ்பர்க் மட்ரோனா: மாளிகைக்குள் தங்குவதா, வெளிக்கட்டிடத்திலா?

கலிபோர்னியாவின் சோனோமா பகுதியில் ஒரே இரவுதான், கணவருக்குப் பழைய வீடுகள் மேல் ஆசை, அம்மாவுக்கு மூட்டுவலி, அங்கே ஹீல்ட்ஸ்பர்க் ஊரில் பழைய மாளிகையை ஹோட்டலாக்கிய மட்ரோனாவில் எந்த அறை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடிந்தால் மாளிகைக்குள்ளேயே எடுங்கள். 1881-இல் ஜான் பாக்ஸ்டன் கட்டிய வீடு அது. தோட்டத்தில் வேறு தங்கும் கட்டிடங்களும் உண்டு, ஆனால் உங்கள் கணவர் தேடுவது மாளிகையில்தான் இருக்கிறது. முதலில் வெளியே நின்று கூரையைப் பாருங்கள். செங்குத்தாகச் சரிந்து, அதிலேயே சன்னல்கள் வைத்த மான்சார்ட் கூரை. பரண் ஆகியிருக்க வேண்டிய இடம் ஒரு முழு மாடியாகிவிடுகிறது!

2022-இல் புதுப்பித்துத் திறந்தபோது, வடிவமைப்பாளர் ஜே ஜெஃபர்ஸ் பாக்ஸ்டன் காலத்து மரச்சாமான்கள் பலவற்றை ஒதுக்காமல், இன்றைய ஓவியங்களுக்குப் பக்கத்திலேயே வைத்தார். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அருங்காட்சியகம் மாதிரி கயிறு கட்டி வைக்காமல், உட்கார்ந்து பழகும் வீடாக விட்டிருக்கிறார்கள்.

சரி, அம்மா விஷயம். பழைய மாளிகை என்றால் படிகள் இருக்கும். பணம் கட்டும் முன் தொலைபேசியில் கூப்பிட்டு, வாசலிலிருந்து அறை வரை எத்தனை படி என்று கேளுங்கள். அதிகம் என்றால் அம்மாவுக்காகத் தரைத்தள அறை எடுத்துவிட்டு, மாளிகையில் இரவுச் சாப்பாட்டுக்கு மேசை சொல்லிவையுங்கள். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர்தான், வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள்.